எந்த ஈயம், அப்பா?

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. நீங்கள் வீட்டில் போட்ட திராட்சை ஒயினைத் தேடாதீர்கள், அண்டாவோடு காலேஜ் லேபுக்குத் தூக்கிப் போகிறேன். "எனக்கே பாடம் எடுக்கிறியாடா?" என்று நேற்று நீங்கள் கத்தியதில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இதோ.

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். நீங்கள் ஒயின் அண்டாவுக்குப் பூசியது பட்டறையில் ரேடியேட்டர் ஒட்டுகிற காரீயம், விஷம். "ஈயம்னா ஈயம்தானே" என்கிறீர்கள். பாம்பும் கயிறும்கூட நீளம்தான் அப்பா.

திராட்சையின் புளிப்பு அதைக் கரைத்து ஒயினில் இறக்கிவிட்டது. நான் கேலியாகத்தான் ஒரு பாட்டிலை லேபில் கொடுத்தேன். சோதித்துப் பார்த்த சார், "விளையாடாதே, இதை யார் குடிக்கிறாங்க?" என்றார். அதைக் கேட்டுத்தான் நேற்று வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வயிற்றுவலிக்கு என் சமையலைத் திட்டினீர்கள், சரி. வலது மணிக்கட்டு துவண்டு தொங்குவதற்கும் என் சமையலா?

அக்கா வண்டியோடு வருவாள். முரண்டு பிடிக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மூன்று மாதமாக இந்த ஒயினைக் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பி.கு: கோபமிருந்தால் இந்தச் சீட்டின் கீழேயே என்னைத் திட்டி எழுதுங்கள், கெட்ட வார்த்தையானாலும் பரவாயில்லை. ஆனால் வலது கையால் எழுதுங்கள். வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.