உறவில்லாதவர் கையெழுத்து

நம் மகளின் அம்மாவுக்கு,

சௌக்கியம்தானே? எனக்கும் குறையில்லை. படியேறும்போது மட்டும் முட்டி முணுமுணுக்கிறது.

என் காவலாளி லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க, என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் நற்சான்று தரவேண்டும். நற்சான்றுத் தாளில் உன் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் ‘மனைவி’ என்று போட்டுவிட்டேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா தாளைத் திருப்பித் தள்ளினார். "சொந்தக்காரங்க கையெழுத்து செல்லாதுங்க."

"இப்ப சொந்தம் இல்லீங்க. விவாகரத்து ஆகி ஒரு வருஷமாச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப செல்லும்."

அந்த விவாகரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றே கேள்விகள். குடிப்பாரா என்பதற்கு நீ யோசிக்க வேண்டாம். வேலை நேரத்தில் தூங்குவாரா என்பதற்கும் அப்படித்தான். நான் தூங்கியதெல்லாம் வீட்டில், நீ ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது.

கடைசிக் கேள்வி, ‘இவரை நம்பி உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா?’ அதற்கு உனக்குத் தோன்றுவதை எழுது. ‘மாட்டேன்’ என்றாலும் வருத்தமில்லை. வேறு வேலை பார்த்துக்கொள்வேன்.

உன் வீட்டுச் சாவி இத்தனை நாளும் என் சாவிக்கொத்திலேயேதான் இருந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் தரவில்லை. அதைக் கழற்றி இந்த உறைக்குள் போட்டிருக்கிறேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பது நியாயமில்லை.

இப்படிக்கு,
‘மனைவி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் வேறெதுவும் எழுதத் தெரியாதவன்