பத்து நாள் மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம். வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு எங்கள் கிளினிக்கில் ஆகும் செலவு மற்ற கிளினிக்குகளைவிட மூன்று மடங்காம். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் முகம் கறுத்துவிட்டது. "மருந்துக் கம்பெனிக்காரன்கிட்ட கை நீட்டுறேன்னு நெனைக்கிறாங்க. ஒரு வருஷ மருந்துச் சீட்டு நகலையும் எடுத்துப் பாரும்மா."

மார்ச் 6, வியாழன்

பார்த்தேன். நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் டாக்டர் எழுதியது பத்து நாள், இரண்டு வாரத்துக்குத்தான். அதன்பின் மாதாமாதம் எழுதியிருப்பது நான். பழைய நோயாளிகள் டாக்டரைப் பார்க்க உள்ளே போவதில்லை. என் மேஜையில் சீட்டை நீட்டி, "போன மாசம் மாதிரியே எழுதிடுங்க" என்பார்கள். பார்த்து எழுதுவேன். மதியம் டாக்டர் மொத்தச் சீட்டுக் கட்டுக்கும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பதினோரு வருட வழக்கம். வேகமாக எழுதுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மார்ச் 7, வெள்ளி

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தியான தையல்காரியின் சீட்டு. மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு, பத்து நாள். அது வயிற்றைக் கெடுக்காமலிருக்க அந்த வயிற்றெரிச்சல் மாத்திரை. இரண்டையும் எட்டு மாதமாக எழுதித் தந்திருக்கிறேன். ஸ்டீராய்டால் அவள் முகம் உப்பியபோது, "பூசினாப்ல அழகா இருக்கே" என்று சொன்னதும் நான்தானே? டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

மார்ச் 8, சனி

அவளே வந்தாள். "போன மாசம் மாதிரியே, அக்கா." அந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதினேன்.

"ரெண்டு கொறையுதே?"

"ஒடம்புதான் தேறிடுச்சே. இனி வேணாம்."

செலவு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே போனாள். அப்பாடா. யாருக்கும் தெரியாமல் முடிந்தது.

மார்ச் 12, புதன்

முடியவில்லை. மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாளாம். புருஷன் தூக்கிக்கொண்டு வந்தார். உதடு வெளுத்துக் கிடந்தாள். "என்ன மாத்திரை சாப்பிடுறா?" என்று டாக்டர் அவரிடம் கேட்கிறார், அந்த மனுஷன் முழிக்கிறார், நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் — சொல்லித் தொலையேன்டி, செத்துடப் போறா —

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எட்டு மாசம் சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தினா ஒடம்பு தாங்காதும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்." பிறகு ஆம்புலன்ஸ்.

மார்ச் 13

பிழைத்துவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

"கையெழுத்து என்னோடது" என்றார் டாக்டர். கடிதத்துக்குப் பதிலிலும் அப்படியே எழுதினார். அவளிடம் மட்டும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அரைமணி நேரம் நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்தாள். என் மேஜைப் பக்கமே வரவில்லை. டாக்டரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். நான் அவள் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 6, செவ்வாய்

டாக்டர் இப்போது ஒவ்வொரு சீட்டையும் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். வரிசை வாசலைத் தாண்டுகிறது, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.

தையல்காரி டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு வெளியே வந்து மாத்திரையும் வாங்கிக்கொண்டாள். முகம் பாதி வற்றியிருக்கிறது. என் எதிரில் உட்கார்ந்து சீட்டை வைத்தாள்.

"படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் மடியிலிருந்த மாத்திரை அட்டையைக் கண்ணாடி போட்டுச் சரிபார்த்தாள். கடைசியில் ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

"இது எத்தன நாளைக்கு?"

"பதினாலு நாள்."

"அட்டையிலயே எழுதுங்க. பெருசா."