சட்டைப்பையில நாலு வளையம்

ஜனவரி 4

வாப்பா நோட்டு, சௌக்கியமா? சாப்டியா? உன்னைய மக வாங்கிக் குடுத்தா. "வாய்ல வர்றதையெல்லாம் இதுல எழுதுங்கப்பா, தெரு தப்பிக்கும்"னா. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். கடைப் போர்டுகளப் பாத்துக் கத்துக்கிட்ட எழுத்து. கோணலா இருந்தாப் பொறுத்துக்க.

நம்ம வேலை உனக்குத் தெரியாதுல்ல? பதினாலு மாடிக் கட்டடம். உச்சியில ரெண்டு தண்ணித் தொட்டி. மோட்டார் போடுறது, தொட்டி கழுவுறது. அங்க இப்ப ஒரு விருந்தாளி. ராசாளி. கன்னத்துல கறுப்பா கிருதா, மஞ்சக் காலு. அது பாக்குற பார்வையப் பாத்தா அதுதான் வீட்டுக்காரர், நான்தான் வாடகைக்கு. இன்னைக்கு ஒரு புறாவ அடிச்சுது பாரு! றெக்கைய மடக்குச்சு, அவ்வளவுதான், கல்லு விழுந்த மாதிரி விழுந்துச்சு. 'டப்'புன்னு சத்தம். அப்புறம் வானத்துல வெறும் இறகு.

ஜனவரி 9

அது சாப்பிடுற ஒழுங்கு இருக்கே! மொதல்ல இறகப் பிடுங்கும். ஒன்னு ஒன்னாக் காத்துல விடும். அப்புறம் நெஞ்சுக் கறி. றெக்கையையும் காலையும் தொடாது. மிச்சம் இருந்தா சுவத்து இடுக்குல ஒளிச்சு வெக்கும், நாளைக்கு ஆகும்னு. சிக்கனத்துல என் பொண்டாட்டி தோத்தா!

ஜனவரி 12

தங்கச்சி புருஷன் பந்தயப் புறா வளக்குறவரு. டீக்கடையில மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு. "மச்சான், நாலு புறா திரும்பல"ன்னாரு.

சும்மா இருந்திருக்கலாம். எங்க கட்டடத்துக் கீழ தையல்காரர் இருக்காருல்ல, முன்னால கடை, பின்னால வீடு. "அவரு வீட்டு ஜன்னல்ல நாலு நாளா கறி வாசம் தூக்குதே மாப்ள. மனுசன் தும்முனா இறகு பறக்குது"ன்னேன்.

கடையே சிரிச்சுது. டீ மாஸ்டர் கேக்காமலே இன்னொரு டீ குடுத்தாரு.

எனக்கு ராசாளி ஞாபகம் வரலையா? வந்துச்சு. அதுக்கு முன்னாடி சிரிப்பு வந்துருச்சு.

ஜனவரி 13

மாப்ள தையல்காரர் சட்டையப் பிடிச்சுட்டாரு. நடுத்தெருவுல. "யாருய்யா சொன்னது?"ன்னு அவரு கேட்டாரு. நான் குனிஞ்சு செருப்பு வாரச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்.

வாரு நல்லாத்தான் இருந்துச்சு.

ஜனவரி 15

தொட்டிக்குள்ள மிதக்குற பந்து மாட்டிக்கிச்சு. பின்பக்கமா ஏறினேன். சுவத்து இடுக்குல காஞ்ச காலுங்க. நாலு கால்ல நம்பர் போட்ட வளையம். மாப்ள புறாவேதான்.

கழட்டிச் சட்டைப்பையில போட்டேன். கீழ போனதும் சொல்லிரணும்னு லிஃப்ட விட்டுட்டுப் படியில எறங்கினேன். பதினாலு மாடி. யோசிக்க நேரம் வேணும்ல?

சொல்லல.

ஜனவரி 19

சொல்லல.

ஜனவரி 24

போறவன் வர்றவனெல்லாம் தையல்கடை வாசல்ல "குர்ர்... குர்ர்..."ன்னு புறா மாதிரி கத்திட்டுப் போறான். துணி குடுக்க ஆளில்ல. மெஷின் முன்னாடி சும்மா உக்காந்திருக்காரு.

உண்மையச் சொன்னா மாப்ள ராசாளிய அடிச்சுப் போட்டுருவாரு, பாவம் பறவை — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். பறவையாம், பாவமாம். தூ! ஊரு உன்னைய என்ன சொல்லும்கிறதுதான்டா உனக்குப் பயம்.

ஜனவரி 30

கம்பியில மாட்டிச் சட்டைத் தோள் கிழிஞ்சிருச்சு. வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பொண்டாட்டி அதத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டா. "ஊரு போகலைன்னா எனக்கென்ன? அவரு தையல் மாதிரி வருமா?"ன்னா.

அடியே, பையில வளையம் இருந்துச்சே — தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

பிப்ரவரி 1

சட்டை வந்துருச்சு. தோள்ல தைச்ச எடமே தெரியல. பையத் தொட்டேன். நாலு வளையமும் உள்ளதான் இருக்கு. ஆனா பையோட வாய ரெட்டைத் தையல் போட்டு மூடியிருக்காரு.

"எதாவது சொன்னாரா?"

"என்னத்தச் சொல்லுவாரு? 'பத்திரமா இருக்கட்டும்'னாரு" — பொண்டாட்டி.

இழுத்துப் பாத்தேன், பிரியல. மனுசன் திட்டியிருக்கலாம். செருப்பால அடிச்சிருக்கலாம்.

பிப்ரவரி 2

அந்தச் சட்டையோடவே டீக்கடைக்குப் போனேன். பல்லால கடிச்சுத் தையலப் பிரிச்சேன். நாலும் மேசையில உருண்டுச்சு. மாப்ள ஒவ்வொரு நம்பராப் படிச்சாரு.

"எங்க மச்சான் இருந்துச்சு?"

"தொட்டிக்குப் பின்னாடி. ராசாளி தின்ன மிச்சம்."

"இன்னைக்கா பாத்தீங்க?"

"பதினெட்டு நாளாச்சு."

யாரும் சிரிக்கல. டீ மாஸ்டர் என் டீயக் கொண்டு வரவே இல்ல. மாப்ள எந்திரிச்சு நேரா தையல்கடைக்குப் போயி, "தப்பு என்னுதுங்க"ன்னாரு. நான் பின்னாடியே போயி, "இல்ல, நான்தான் கெளப்பிவிட்டேன். நாலு பேரு சிரிக்கணும்னு"ன்னேன்.

தையல்காரர் தலைய நிமித்தல. மெஷின மிதிச்சுக்கிட்டே இருந்தாரு. மெஷின்ல துணி இல்ல.

பிப்ரவரி 11

மாப்ள மொட்டை மாடிக்கு வந்தாரு. கையில கல்லோடதான் வந்தாரு. ராசாளி பாஞ்சு அடிக்கிறதப் பாத்ததும் "யப்பா!"ன்னாரு. கல்லு கையிலயே இருந்துச்சு.

இப்ப ஒரு ஏற்பாடு. ராசாளி வயிறு முட்டத் தின்னா கழுத்துக்குக் கீழ உப்பிக்கிட்டு நிக்கும். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு அசையாது. அது உப்புனதும் நான் மேல நின்னு செவப்புத் துணிய ஆட்டணும். அதப் பாத்து மாப்ள புறாக் கூண்டத் தொறப்பாரு.

"துணிய ஆட்டுங்க மச்சான். நாக்க ஆட்டாதீங்க"ன்னுட்டாரு.

தையல்காரர் இன்னும் பேசல.

பிப்ரவரி 20

லிஃப்ட் கெட்டுப்போச்சு. கீழ்ப்படியில உக்காந்து எழுதுறேன் நோட்டு. தையல்காரர் வீட்டுக் கதவு நாலடி தூரம். ரெண்டு மூணு பேரு திரும்பவும் துணி குடுக்குறாங்க. என் சட்டைப்பை மட்டும் பிரிஞ்சபடியே தொங்குது. அதத் தைக்கச் சொல்ல எனக்கு மூஞ்சி ஏது?

கறி வாசம் வருது. நெசமாவே வருது. ஒன்னு சொல்றேன், உன்கிட்டகூட மறைச்சுட்டேன். டீக்கடையில சொன்ன அன்னைக்கு எந்த வாசமும் வரல. கதைக்கு உப்பு வேணும்னு நானாச் சேத்தேன். அவரு மூஞ்சியப் பாத்து இத —

கதவத் தொறந்துட்டாரு. "என்ன கதைக்காரரே, மோந்து பாத்தே எழுதிருவீங்களா? உள்ள வாங்க, சட்டியத் தொறந்து காட்டுறேன், இறகு இருக்கான்னு தேடிப் பாருங்க. தட்டு வெச்சாச்சு!"

தட்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி அந்த வாசத்தப் பத்தி மொதல்ல அவருகிட்ட சொல்லிரணும். உன்னைய மூடுறேன் நோட்டு.