பளிங்குக் கன்னத்தில் மஞ்சள்

மார்ச் 4

குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாக நிறுத்தியாயிற்று. சக்களத்தியை விற்கச் சொல்லிப் பழம்பொருள் ஏஜென்டுக்கும் போன் செய்துவிட்டேன்.

சக்களத்தி என்பது நான் வைத்த பெயர். கூடத்து ஜன்னலோரம் பீடத்தின் மேல் இருக்கும் பளிங்குப் பெண். தலையும் தோளும் மட்டும். கல்யாணமான மூன்றாம் வருடம் என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்து வந்தார். பழைய கிரேக்கப் பாணியை இருநூறு வருடங்களுக்கு முன்பு மறுபடி கையிலெடுத்தவர்கள் செதுக்கியது, நியோகிளாசிக்கல் என்பார். எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை, சக்களத்தி நுழைந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கும் கண் டாக்டர், கருவிழியே இல்லாத ஒருத்தியிடம் போய் மயங்கிவிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஆனால் யாராவது கையை நீட்டினால் சிரிப்பு நின்றுவிடும். "தொடாதீங்க. கையில எண்ணெய்ப் பசை இருக்கும், கல்லு குடிச்சிடும்." எனக்கும் அதே சட்டம்தான்.

அவர் போய் ஏழு மாதம். எனக்குப் பிறகு இவளைத் துடைக்க யார் இருக்கிறார்கள்? விற்றுவிடலாம்.

மார்ச் 9

ஏஜென்ட் வந்தார். கழுத்தில் டை, கைகளில் வெள்ளைக் கையுறை. வாங்கப் போகிறவர் ஓர் இளைஞராம். இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

"இப்பதான் மேடம் ரொம்பக் கேக்கறாங்க. நாள் பூரா ஸ்கிரீன், சத்தம். வீட்டுக்கு வந்தா ஒரு வெள்ளை முகம், நம்மகிட்ட எதுவும் கேக்காம சும்மா இருந்தா நிம்மதி. எந்த சோஃபாவுக்கும் பொருந்தும்."

எதுவும் கேட்காமல் சும்மா இருக்கும் முகம் வேண்டுமென்று தேடி அலைகிறார்கள். எனக்கு அது காலையிலிருந்து படுக்கும்வரை கிடைக்கிறது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஒரே நிபந்தனை, கறை இருக்கக் கூடாது. சிலைகளைப் பழுதுபார்க்கும் கல் டாக்டர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மகள் போனில் வழக்கம்போல் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்றேன்.

மார்ச் 10

ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை இன்னும் பழகவில்லை. நேற்றைய குழம்பே இன்றும்.

இவளிடம் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "அழறதுக்கு ஒரு நொடி முன்னால நிறுத்திட்டான் பாரு, செதுக்கினவன். அந்த அடக்கம்தான் அழகு." எனக்கு அடக்கமும் தெரியவில்லை, அழுகையும் தெரியவில்லை. உம்மென்று இருப்பதாகத்தான் தெரிந்தது.

மார்ச் 15

கல் டாக்டர் என்பது என் வீட்டுக்காரர் வைத்த பெயர். பழைய சிலைகளைச் சுத்தம் செய்து, உடைந்ததை ஒட்டிக் கொடுக்கும் பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காது மடல், பின்னல், கழுத்து என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இடது கன்னத்தில் நின்றார்.

"இங்க மஞ்சள் ஏறியிருக்கும்மா."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்ததும் தெரிந்தது. உள்ளங்கை, நான்கு விரல், கண்ணுக்குக் கீழே பெருவிரல். திரும்பத் திரும்பக் கை வைத்து ஏறிய எண்ணெயாம். தலைவலிக்குப் பற்றுப் போடுவதுபோல ஒரு களிமண்ணைக் குழைத்து அப்பினால் இழுத்துவிடுமாம். நீங்கள் தொடுவீர்களா என்று கேட்டார். நான் தொட்டதே இல்லை, துடைப்பதும் துணியால்தான். பின்னே இந்த வீட்டில் வேறு யார்?

அவர்.

மார்ச் 16

தூக்கம் இல்லை. கல்லைப் பார்த்து வயிறு எரிகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விளையாட்டாக வைத்த பெயர்! என் கன்னத்தில் எப்போது கை வைத்தார்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். காய்ச்சலின்போது நெற்றியில். தூசி விழுந்தபோது இமையைத் தூக்கி. அதெல்லாம் டாக்டர் கை. ஊருக்கெல்லாம் தொடாதே தொடாதே என்று சொல்லிவிட்டு — போகட்டும். வெள்ளையாகிப் போய் எவன் சோஃபாவுக்கோ பொருந்தட்டும்.

மார்ச் 17

ரேடியோவும் கெட்டுவிட்டது.

மார்ச் 22

பற்றுப் போட கல் டாக்டர் வந்தார். அவர் களிமண் குழைத்துக்கொண்டிருக்கும்போது, மனசு கேட்காமல், எத்தனை வருடத்துக் கறை என்று கேட்டேன். பழையது இல்லையாம். ஆறு வருடம் முன்பு இந்தப் பெண்ணேதான் முழுசாகச் சுத்தம் செய்தாராம், அப்போது கன்னம் பால்போல் இருந்ததாம். பிறகு குழைப்பதை நிறுத்திவிட்டுத் தயங்கினார்.

"நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தீங்களே, குழந்தை பொறந்தப்போ. அப்ப சார் கூப்பிட்டாரு. ரெண்டு ஆள் வச்சு இவங்களைச் சாப்பாட்டு மேசைகிட்ட நகர்த்தினோம். உங்க நாற்காலி இருக்கிற இடத்துல. நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் மறுபடி ஜன்னலுக்கு. வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதேம்மா, ஆயுசுக்கும் கேலி பண்ணுவான்னாரு."

மகளுக்குச் சிக்கலான பிரசவம். ஒரு மாதம் என்று போனவள் ஒன்றரை வருடம் இருந்துவிட்டேன். தினமும் போன் செய்வார். எப்படி இருக்கிறீர்கள் என்றால், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். நீ குழந்தையைப் பாரு" என்பார். நம்பினேன். அந்த ராஜா தன் தட்டுக்கு எதிரில் ஒரு கல்லை நிறுத்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

ஒரு வார்த்தை, வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த வண்டியிலயே வந்திருப்பேனே. கேலி பண்ணியிருப்பேன்தான். பண்ணிக்கிட்டே வந்திருப்பேன்ல?

பற்று வேண்டாம் என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். குழைத்த களிமண் வீணாயிற்று, பாவம்.

மார்ச் 24

கறையோடு எடுக்க மாட்டாராம் அந்த இளைஞர். கை பட்ட பொருள் என்றால் யோசிப்பாராம். யார் கையும் படாததாகப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 27

இன்று தொட்டேன். தாளித்த கையோடு, கழுவாமலே. முதலில் சில்லென்றிருந்தது, கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டை வாங்கிக்கொண்டது. என் கை அவர் தடத்துக்குள் அடங்கிவிடுகிறது. பெருவிரல் மட்டும் எட்டவில்லை. நின்றபடியே அழுதேன். அவள் வழக்கம்போல் அழுவதற்கு ஒரு நொடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மகள். எப்படி இருக்கிறேன் என்று கேட்டாள். எனக்கென்ன என்று வாய் தானாகத் திறந்தது. அவர் குரல் அப்படியே என் வாயில் வருவதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"நல்லா இல்லடி," என்றேன். "சாப்பிடும்போது எதிர்ல யாருமே இல்ல. நீ வா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மார்ச் 28

ஏன்தான் சொன்னோமோ என்றிருக்கிறது. அவளுக்கு வேலை, வீட்டுக்காரர், குழந்தை. சும்மா சொன்னேன் என்று போன் செய்து சொல்லிவிடலாமா?

சொல்லவில்லை.

மே 19

இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்த கல் டாக்டர் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையருகே சக்களத்தியைக் கண்டதும் சிரித்தார். இந்த முறை நகர்த்தியது பக்கத்துக் கடை ஆட்கள்; கூடத்துத் தூணில் மோதாமல் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு மாதம் என்று வந்த மகள் இன்னும் கிளம்பவில்லை. மேசையின் ஒரு முனையில் கணினியை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மறுமுனையில் குழந்தை, கையெல்லாம் நெய்.

கல் டாக்டர் பழக்கதோஷத்தில் விளக்கை எடுத்துக் கன்னத்தருகே சாய்த்தார். முகம் மாறிவிட்டது. மஞ்சள் இவ்வளவு பரவியிருக்கிறதே, மூக்கில்கூட இருக்கிறதே என்று என்னைக் கடிந்துகொண்டார்.

வீட்டில் ஆள் கூடிவிட்டதே என்றேன்.