பென்சிலில் எழுதிய கரடிக் கதை

ஏங்க,

நான் ஊருக்குப் போய்விட்டு நாளைக்குத்தான் வருவேன். ராத்திரிச் சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, வேலை விட்டு வந்ததும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நம் வாண்டு மகளைப் பள்ளியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கூட்டி வருவார். மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

அவளுடைய கரடிப் புத்தகத்தில் நீங்கள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து, உங்கள் மேஜை ரப்பரை வைத்தே அழித்தேன்.

எழுத்தே இல்லாத படப்புத்தகம் அது. அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவருக்கு, படத்தின் கீழே வெற்றிடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. புரிகிறது. ஆனால் பக்கத்துக்கு ஒரு வரி நீங்கள் எழுதி வைத்த நாளிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் தினம் ஒரு கதை சொல்வாள். ஒரு நாள் கரடி திருடன், மறுநாள் டாக்டர். ஏன்டி எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அதான் அப்பா சொல்லி முடிச்சிட்டாங்களே."

இன்றைக்கு நீங்கள்தான் அவளோடு உட்காருகிறீர்கள். புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கோபம் இருந்தால் நாளைக்கு என்னிடம் காட்டலாம்.

பி.கு: கடைசிப் பக்கத்தில் அழுத்தி எழுதிவிட்டீர்கள், தடம் போகவில்லை. 'கரடி வீட்டுக்குள் போய்த் தூங்கியது.' நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது தப்பும்மா. கரடி தூங்கல. அதோட அப்பா வேலை விட்டு வரட்டும்னு வாசல்லயே நிக்குது."

ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள்.