அம்மா நீட்டிய மறு கை

மதினி,

இன்று பாம்பனில் என் கடையில் கருவாடு தரம் பிரிக்கும் பெண்ணின் விரலில் முள் ஏறிவிட்டது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார்கள். கருவாட்டு வாடையையும் மீறி அந்த வாடை வந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல், நாக்கு வறண்டு, கண் செருகி, ராமநாதபுரத்தில் நீங்கள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தோமே, அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் உடனே சலைன் ஏற்றச் சொன்னார். அம்மா கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். முன்பு வேறோர் இடத்தில் ஏற்றிய பாட்டில் நரம்புக்கு வெளியே இறங்கி, கை வீங்கிப்போனதை அவள் மறக்கவில்லை. வீங்க வீங்க, "ஒன்னுமில்ல" என்றே சொன்னார்களாம்.

போதாததற்கு, புறப்படும்போது மாதா கோயில் எண்ணெயைக் கை முழுக்கப் பூசிவிட்டிருந்தார்கள். எங்கள் கரையில் அது வழக்கம். நீங்கள் சோப்பும் தண்ணீரும் எடுத்து வந்தீர்கள்.

"மாதா எண்ணெயக் கழுவுறியே, நீ வெளங்குவியா?"

"மாதா நெத்தியில இருக்கட்டும் அத்த. கையில இருந்தா பிளாஸ்திரி ஒட்டாது, ஊசி நழுவிரும்."

அதை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாட்டிலின் பெயரையும் தேதியையும் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினீர்கள். கை கழுவி உறை மாட்டி, மணிக்கட்டு மடிப்பை விட்டுத் தள்ளி நரம்பு தேடினீர்கள். ஸ்பிரிட் தடவிய பிறகு சும்மா நின்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு அட்டையை எடுத்து விசிறப் போனேன்.

"தம்பி, ஈரத்தோட கருவாட்ட மூட்ட கட்டுவியளா? தானா காயட்டும்."

ஊசி இறங்கியது, ரத்தம் எட்டிப் பார்த்தது, எனக்கு மூச்சு வந்தது. சிரிஞ்சில் கொஞ்சம் சலைன் செலுத்திப் பார்த்தீர்கள். பாசிப்பயறு அளவுக்குத் தோல் மேடிட்டது. நானாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். நீங்கள் உடனே எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு சொன்னீர்கள்:

"அத்த, இது சரியா எறங்கல. எடுத்துட்டேன். இன்னொரு தடவ குத்தணும்."

குறையை வாய்விட்டுச் சொல்பவன் கடை நடத்த முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா இனி கையைத் தர மாட்டாள், இப்படியே போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீங்குறதுக்கு முன்னயே சொல்லிட்டியே," என்று மறு கையை நீட்டினாள்.

புது ஊசி. மறுபடி கை கழுவி, மறுபடி துடைத்து, மறுபடி காத்திருந்தீர்கள். இந்த முறை ஒழுங்காக இறங்கியது. எரியுதா, கடுக்குதா என்று கேட்டபடி பக்கத்திலேயே நின்றீர்கள். மதியத்துக்குள் அம்மா கண் தெளிந்து, என்னைக் கடைக்குப் போகச் சொல்லி விரட்டினாள்.

நீங்கள் கண்ணை மூடியபின் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என் வியாபாரம் ஓடுகிறது. கடைக்கு ஆள் எடுக்கும்போது முன்பெல்லாம் பேரம் பேசத் தெரியுமா என்று கேட்பேன். இப்போது, சரக்கு கெட்டுப்போனால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று கேட்கிறேன். "உங்ககிட்டதான் மொதலாளி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லும்போது கண்ணைப் பார்க்கிறேன். அதில் தேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். கடை அவர்களால் நிற்கிறது.