முட்டை நாத்தம்

செவ்வாய், ராத்திரி.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரலை.

ஒரு மாசமா கார்ல அழுகின முட்டை நாத்தம். என் டிபன் கடைக்கு முட்டைத் தட்டு ஏத்திக்கினு வர்றது அந்தக் கார்லதான். "சீட்டுக்கு அடியில உடைச்சு உட்டுட்ட, சவாரி வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க"ன்னு வீட்டுக்காரரு தினமும் பேச்சு. கால்மிதியெல்லாம் கழுவினேன், எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்ச்சேன். அப்புறம் தட்டை மடியில வச்சுக்கினு பஸ்ஸுல வர ஆரம்பிச்சேன். அப்பவும் நாத்தம் போவலை.

இன்னிக்கு ஒரு வேலையா ரெண்டு பேரும் கார்ல போனோம், திண்டிவனத்துப் பாலம் ஏறும்போது வண்டி இழுக்கலை. மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாரு. அப்புறம் அடியில படுத்து ரப்பர் சுத்தியால தட்டினாரு. உள்ள கலகலன்னு சத்தம்.

"கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சுங்க. புகையைச் சுத்தம் பண்ற டப்பா இது. உள்ள உடைஞ்சு அடைச்சிக்கினு இருக்கு. பிளக் சரியா பொறி விடாம, எரியாத பெட்ரோல் இதுக்குள்ள வந்து எரிஞ்சிருக்கு. பிளக்கையும் சேர்த்து மாத்திடுங்க, இல்லன்னா புதுசும் போயிடும்"ன்னாரு. கையைத் துடைச்சிக்கினே, "முட்டை நாத்தம் அடிச்சிருக்குமே?"ன்னு கேட்டாரு.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரு போனைப் பார்த்துக்கினு இருந்தாரு.

சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்து புதுசு மாட்டிக்கினு கிளம்பினோம். விழுப்புரம் வர்ற வரைக்கும் வண்டியில நாத்தம் இல்லை, பேச்சும் இல்லை. வாசல்ல இறங்கும்போதுதான், "நாளையிலேர்ந்து தட்டைக் கார்லயே வச்சுக்க"ன்னாரு.

தலையாட்டிட்டு உள்ள வந்துட்டேன். நாளைக்கும் பஸ்ஸுலதான் வருவேன். ஏன்னு அவரு வாயைத் தொறந்து கேக்கட்டும்.